தோலோடு ஒரு துண்டு இஞ்சி

மதிப்பிற்குரிய ஐயா, அல்லது அம்மையீர்,

இப்பக்கங்களைக் கையில் எடுத்தவர் தாங்கள் எவராயினும் என் வணக்கம். பச்சை இஞ்சியைப் பற்றியும், அது சீன வைத்திய முறைப்படி என் மனைவியாரின் மணிக்கட்டில் ஒட்டப்பட்டு மொன்றியலிலிருந்து ரொறன்ரோ வரை சென்றதைப் பற்றியும் எழுத விரும்புகிறேன். நான் வைத்தியன் அல்லன், பள்ளிப்படிப்பும் குறைவு. ஆயினும் இஞ்சியைப் பற்றிப் பேச எனக்குச் சிறிது உரிமை உண்டு.

டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் சமையலறையில், காய்கறி ஆயத்தம் செய்யும் மேசையருகே இருபத்திரண்டு ஆண்டுகள் நின்றவன் நான். இஞ்சியின் தோலை நீக்குவது என் பொறுப்பு. கத்தியால் நீக்குபவர்கள் தோலோடு சதையையும் சேர்த்து வாளிக்குள் தள்ளிவிடுவார்கள். நான் தேக்கரண்டியின் விளிம்பால் சுரண்டுவேன். தோல் மட்டும் மெல்லிய காகிதம்போல் சுருண்டு வரும். முடிச்சுகளின் இடுக்குகளும் தப்பா. ஓய்வு பெற்ற அன்று அந்தக் கரண்டியை எனக்கே கொடுத்துவிட்டார்கள். ஒரு பக்க விளிம்பு தேய்ந்து பிறைபோல் ஆகியிருந்தமையால் அதனால் வேறெவரும் சூப் குடிக்க இயலாது என்பதும் ஒரு காரணம்.

இனி என் மனைவியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு வாகனம் ஒத்துக்கொள்ளாது. செயின்ட்-மிஷேலில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து கோயிலுக்குப் பத்து நிமிடப் பேருந்துப் பயணம். அதற்கே எலுமிச்சம்பழம் ஒன்றை மூக்கருகே பிடித்துக்கொண்டு கண்களை மூடியிருப்பார். எங்கள் மகள் ஆற்றுக்கு அப்பால் புரோசார்ட்டில் வீடு வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகியும், பாலத்தைக் கடக்க வேண்டும் என்பதனால் அவ்வீட்டின் சமையலறையை அவர் கைத்தொலைபேசியில்தான் பார்த்திருந்தார்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய துயரம் ஒன்று இருந்தது. அவருக்கு உடன்பிறந்தவர் ஒரே ஒரு தங்கை. அவர் ரொறன்ரோவில் இருக்கிறார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அத்தங்கையின் மூத்த மகளுக்குத் திருமணம் நடந்தது. காரில் புறப்பட்டோம். ரொறன்ரோ நெடுஞ்சாலையில் ஒரு மணித்தியாலத்திற்குச் சற்று மேல் சென்றால் கோர்ன்வோல் என்னும் ஊர் வரும். அவ்வூரில் ஒரு கோப்பிக்கடையின் கார் நிறுத்துமிடத்தில், பட்டுச்சேலையோடு சீமெந்து விளிம்பில் அமர்ந்து, வயிற்றில் ஒன்றும் மிஞ்சாத நிலையில் அவர் சொன்னார்: "என்னைத் திருப்பி வீட்ட கொண்டுபோய் விடுங்கோ. இனி இந்த ரோட்டில ஏற மாட்டன்." திரும்பினோம். மணமக்களுக்கு அவர் எடுக்க வேண்டிய ஆராத்தியை வேறொருவர் எடுத்தார்.

கடந்த வசந்தத்தில் தங்கையார் தொலைபேசியில் அழைத்தார். இரண்டாவது மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருந்தது. அவருக்கு அதற்கு மேல் மகள்கள் இல்லை. தொலைபேசி சமையலறை மேசைமேல் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"அக்கா, இந்த முறை நீதான் ஆராத்தி எடுக்க வேணும்."

"எனக்கு ஏலாது எண்டு உனக்குத் தெரியும்தானே. ஆரையும் கேள்."

"கேக்க மாட்டன். நீ வராட்டி தட்டு அப்பிடியே மேசையில இருக்கட்டும்."

"விசர்க்கதை கதையாத."

"ஓம், விசர்தான். உன்ர தங்கச்சிதானே."

தொலைபேசியை வைத்த பின் என் மனைவியார் ஏற்கனவே கழுவித் துடைத்திருந்த ஒரு தட்டை மீண்டும் எடுத்துத் துடைத்தார். பின்னர் மறுபடியும் துடைத்தார்.

வழிகள் யாவற்றையும் முன்னரே பார்த்தாயிற்று. ரயிலும் அவருக்குக் காரைப் போன்றதே. விமானத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே எலுமிச்சம்பழத்தைத் தேடுவார். மருந்துக்கடையில் விற்கும் பயணக் குளிசை வாந்தியை நிறுத்தும். ஆனால் அவரையும் சேர்த்து நிறுத்திவிடும். ஒருமுறை அதனைப் போட்டுக்கொண்டு ரொறன்ரோவில் ஒரு பூப்புனித நீராட்டு விழாவிற்குச் சென்றார். விழாப் படத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்க, நடுவில் என் மனைவியார் நாற்காலியில் வாய் திறந்து உறங்குகிறார். அப்படம் உறவினர் பலரின் வீட்டுச் சுவர்களில் இன்றும் தொங்குகிறது. ஆகவே குளிசை என்ற சொல்லே எங்கள் வீட்டில் தடைசெய்யப்பட்டிருந்தது.

இந்நிலையில் ஒரு சனிக்கிழமை நான் தனியே மகள் வீட்டிற்குச் சென்றேன். அங்குள்ள காய்கறிக்கடைக்குப் பக்கத்தில் ஒரு சீன மருந்துக்கடை இருப்பதை அன்றுதான் கவனித்தேன். சுவர் முழுவதும் சிறு மர இழுப்பறைகள். உள்ளே வேர், பட்டை, உலர்ந்த பழம் என நூறு வாசனைகள் ஒன்றாகக் கலந்திருந்தன. மேசைக்குப் பின்னால் நின்ற அம்மையார் என்னை ஏற இறங்கப் பார்த்துப் பிரெஞ்சில் "கரண்டி மெஸ்யே" என்றார், கரண்டி ஐயா என்பது பொருள்.

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. உணவகத்தில் இரண்டு ஆண்டுகள் என் பக்கத்து மேசையில் வெங்காயத்தாள் நறுக்கியவர் அவர். பின்னர் தம் மாமனாரின் மருந்துக்கடைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். நாங்கள் இருவரும் பேசும் பிரெஞ்சு அந்தச் சமையலறையிலேயே பிறந்து வளர்ந்தது. பிரெஞ்சுக்காரர் எவருக்கும் அது முழுமையாக விளங்கியதில்லை. எங்களுக்குள் அதில் ஒரு குறையும் இல்லை. அவர் கூறியவற்றை இங்கே தமிழில் தருகிறேன்.

மனைவியாரின் நிலையைச் சொன்னேன். எந்த இழுப்பறையிலிருந்து என்ன எடுப்பார் என்று ஆவலோடு பார்த்திருந்தேன். அவர் ஒன்றையும் திறக்கவில்லை.

"பச்சை இஞ்சி," என்றார். "நான் விற்பதில்லை. பக்கத்துக் கடையில் வாங்குங்கள். கனமாக இருக்க வேண்டும், தோல் சுருங்கியிருக்கக் கூடாது."

தம் கடையில் காகிதத்தில் பொதிந்து தரும் மருந்துகள் பலவற்றுக்கும் மூன்று துண்டு பச்சை இஞ்சியை நோயாளரே வீட்டில் சேர்த்துக் காய்ச்ச வேண்டும் என்றும், அதனால் தம்மிடம் வருகிற ஒவ்வொருவரின் சமையலறையும் தம் கடையின் ஒரு பகுதி என்றும் சொன்னார். வயிற்றின் காற்று கீழ்நோக்கிச் செல்ல வேண்டியது. அது மேல்நோக்கித் திரும்புவதே வாந்தி. பச்சை இஞ்சி அதனை வந்த வழியே திருப்பி அனுப்பும் என்பது அவருடைய விளக்கம். நாணயம்போல் மெல்லிய துண்டொன்றை, மணிக்கட்டின் ரேகையிலிருந்து நோயாளரின் மூன்று விரல் அகலம் மேலே, இரு நரம்புகளுக்கு நடுவில் வைத்துப் பிளாஸ்ரரால் ஒட்ட வேண்டும். புறப்பட அரை மணித்தியாலத்திற்கு முன்னரே ஒட்டிவிட வேண்டும். வழியில் குமட்டினால் இன்னொரு துண்டை மெல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அவர் பச்சை இஞ்சி என்று தெளிவாகவே சொன்னார். பின்னர் நிகழ்ந்த தவறு முழுவதும் என்னுடையது. வீடு திரும்பும் வழியில் நான் சிந்தித்தேன். பச்சை இஞ்சியே இவ்வளவு செய்யுமாயின், அதனைக் காயவைத்து வலுவேற்றிய சுக்கு எவ்வளவு செய்யாது? நம்மவர் நோக்கில் சுக்கு என்பது படித்துப் பட்டம் பெற்ற இஞ்சி அன்றோ. சீன அம்மையாருக்கு இது தெரியாமல் இருக்கலாம் என்று பெருந்தன்மையோடு எண்ணிக்கொண்டேன்.

மறுவாரம் மகளின் காரில் முதல் ஒத்திகை நடைபெற்றது. வீட்டிலிருந்து புறப்பட்டுப் பாலத்தைக் கடந்து புரோசார்ட் போய்ச் சேர்வதே இலக்கு. சுக்கு, மிளகு, மல்லி இடித்துக் கடுமையாய் ஒரு கோப்பை காய்ச்சி மனைவியாருக்குக் கொடுத்தேன். பின் இருக்கையில் குறிப்பேடும் பென்சிலுமாக அமர்ந்து, ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை அவருடைய நிலையைக் கேட்டு எழுதினேன்.

"இப்ப எப்பிடி இருக்கு?"

"நெஞ்செரியுது."

"தலை சுத்துதோ?"

"நீங்கள் கேக்க முந்திச் சுத்தேல்ல."

"இப்ப?"

"அப்பா, சும்மா இருங்கோ," என்றாள் மகள்.

பாலத்தின் நடுப்பகுதியில் குறிப்பேட்டின் அவசியம் முடிந்துபோயிற்று. நாங்கள் பையொன்றைக் கொண்டுபோயிருந்தது நல்லதாயிற்று. வீடு திரும்பியதும் என் மனைவியார் கூறிய ஒரே வாக்கியம்: "உங்கட சுக்குத்தண்ணியை நீங்களே குடிச்சுப்போட்டு ஒருக்கா அந்தப் பாலத்தால போய்ப் பாருங்கோ."

நான் மருந்துக்கடைக்குச் சென்று நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அந்த அம்மையார் சிறிது நேரம் சிரித்தார். பின்னர் கேட்டார்: "சமையலறையில் நான் சோயா சோஸ் கேட்டபோது என்றாவது உப்பை எடுத்துத் தந்தீர்களா?"

"இல்லை."

"இங்கு மட்டும் ஏன்?"

அவர் ஓர் இழுப்பறையைத் திறந்து சுக்குத்துண்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். அவர்கள் வைத்தியத்தில் பச்சை இஞ்சியும் சுக்கும் ஒரே பொருளின் இளமையும் முதுமையும் அல்ல. இரு வேறு மருந்துகள். சுக்கு வயிற்றுக்குள் அடுப்பு மூட்டிவிட்டு அங்கேயே குந்தியிருக்கும். உள்ளே குளிர்ந்துபோனவருக்கு அது நல்லது. பச்சை இஞ்சி நில்லாமல் நடமாடுவது. குமட்டலுக்கு அதுவே வேண்டும். "உங்கள் மனைவி குளிர்ந்த உடம்பா, சூட்டு உடம்பா?" என்று கேட்டார்.

உடம்பைச் சூடு என்றும் குளிர்ச்சி என்றும் பிரிப்பதில் நாம் அவர்களுக்குச் சளைத்தவர்கள் அல்லர். "சூட்டு உடம்பு. தை மாதத்தில் யன்னலைத் திறந்து வைப்பார்," என்றேன்.

"அப்படியானால் பச்சை இஞ்சியையும் தோலோடு கொடுங்கள். சதை சூடு, தோல் குளிர்ச்சி. தோலை நீக்கினால் சூடு மட்டும் மிஞ்சும்."

ஐயா, என் நிலையைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். இஞ்சியின் தோல் நஞ்சு, அதனை நீக்காமல் உண்ணலாகாது என்று நம் வீடுகளில் எல்லோரும் அறிவர். அவ்வறிவின்மேல் நின்றே நான் இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு கரண்டியைத் தேய்த்தவன். "அப்படியானால் நான் இத்தனை ஆண்டுகள் செய்தது?" என்று கேட்டேன்.

"அது சமையல். இது மருந்து," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, "ஆனால் நல்ல தோலாகத்தான் வீசினீர்கள்," என்றும் சேர்த்துக்கொண்டார்.

செய்தியை வீட்டில் சொன்னபோது என் மனைவியார் கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தினார்.

"தோலோடயோ? ஆரைக் கொல்லப் பாக்கிறியள்?"

"மருந்தைப் படிச்ச மனுசி சொல்லுறா."

"என்னவும் படிக்கட்டும். தோல் நஞ்சு. அவவோட நான் கதைக்கிறன், எடுங்கோ ஃபோனை."

மகள் மருந்துக்கடைக்குப் போய்த் தன் கைத்தொலைபேசியில் வீடியோ அழைப்பு எடுத்துக் கொடுத்தாள். திரையின் அந்தப் பக்கத்தில் சீன அம்மையார், இந்தப் பக்கத்தில் என் மனைவியார். இருவர் கையிலும் ஒவ்வோர் இஞ்சி. நான் நடுவில் மொழிபெயர்ப்பாளன்.

"கேளுங்கோ, இந்தத் தோலை அவ தின்னுவாவோ எண்டு."

கேட்டேன். அந்த அம்மையார் கையிலிருந்த இஞ்சியைத் துடைத்து, ஒரு துண்டு அரிந்து, தோலோடு வாயில் போட்டு மென்று காட்டினார்.

"அவவுக்குப் பழக்கம். எனக்கு ஒத்து வராது," என்றார் என் மனைவியார். "அதோட, இரவில இஞ்சி தின்னக்கூடாது எண்டாவது அவவுக்குத் தெரியுமோ எண்டு கேளுங்கோ."

இதனையும் மொழிபெயர்த்தேன். சீன அம்மையாரின் முகம் மலர்ந்தது. பொழுது சாய்ந்த பின் இஞ்சி ஆகாது என்று தங்களிலும் சொல்வார்கள் என்றும், காலையிலேயே புறப்படுங்கள் என்று சொல்லத் தாம் மறந்துவிட்டதாகவும் கூறினார். என் மனைவியார் என்னிடம், "பரவாயில்ல, விசயம் தெரிஞ்ச மனுசிதான்," என்றார். அவர் வாயிலிருந்து இது பெரிய சான்றிதழ்.

உடன்பாட்டை வகுத்தவரும் அவரே. "கைக்கு மேல ஒட்டுறது அவ சொன்னபடி தோலோட இருக்கட்டும். வாய்க்குள்ள போறது எங்கட முறைப்படி உரிச்சுத்தான் போகவேணும். சம்மதமோ எண்டு கேளுங்கோ." சீன அம்மையார் யோசித்தார். உரித்தால் சூடு கூடும், ஆகவே துண்டை இன்னும் மெல்லியதாக அரியுங்கள் என்ற ஒரு திருத்தத்தோடு ஏற்றுக்கொண்டார். மனைவியார் இரத்த அழுத்தத்திற்குக் குளிசை எடுப்பவராதலால், இவ்வளவு இஞ்சியால் இடைஞ்சல் வருமா என்று மகள் தன் தெருமுனை ஆங்கில மருந்துக்கடையின் மருந்தாளரிடமும் கேட்டுத் தெளிந்துகொண்டாள்.

இரண்டாவது ஒத்திகையில் பாலத்தைக் கடந்தோம். மனைவியாரின் முகம் வெளுத்ததேயன்றி வேறொன்றும் நிகழவில்லை. மகளின் சமையலறைக்குள் முதன்முறையாகக் கால் வைத்தவர், சுற்றிலும் பார்த்து, "இந்த அலுமாரியை அடுப்புக்கு மேல ஆர் வைக்கச் சொன்னது?" என்றார். மூன்று ஆண்டுகளாக இவ்வாக்கியத்திற்குக் காத்திருந்தவள்போல் மகள் சிரித்தாள்.

திருமணத்திற்கு முந்திய வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். மகள் ஓட்டினாள், மனைவியார் முன்னிருக்கையில், நான் பின்னால். இரு மணிக்கட்டிலும் இஞ்சி ஒட்டுவதற்காகக் காப்புகள் யாவும் கழன்று பைக்குள் போயிருந்தன. "வெறுங்கையோட கலியாண வீட்டுக்குப் போற முதல் பொம்பிளை நான்தான்," என்று வருந்தினார். என் மடியில் ஓர் எவர்சில்வர் பேணி. அதற்குள் அன்று காலை அரிந்த இஞ்சித் துண்டுகள். துண்டுகள் உலராதிருக்கத் தோலை விட்டுவைத்திருந்தேன். வேண்டும்போது விளிம்பைச் சுற்றிச் சுரண்டிக் கொடுப்பதற்கு என் கரண்டி கையில் இருந்தது. குறிப்பேடும் இருந்தது, ஆனால் கேள்வி கேட்கும் உரிமை பறிக்கப்பட்டிருந்தது.

"அப்பா, 'எப்பிடி இருக்கு' எண்டு ஒருக்காக் கேட்டாலும் உங்களைக் கோர்ன்வோலில இறக்கிப்போட்டுப் போவன்," என்று மகள் தெளிவாக அறிவித்திருந்தாள்.

எனவே ஒரு மௌன ஏற்பாடு உருவாயிற்று. மனைவியார் இடக்கையைத் தோளுக்குப் பின்னால் நீட்டி உள்ளங்கையை விரிப்பார். நான் ஒரு துண்டைச் சுரண்டி அதில் வைப்பேன். கை முன்னே போகும். நேரத்தைக் குறித்துக்கொள்வேன். இவ்வாறு மூன்று துண்டுகள் ஒழுங்காகச் சென்றன. மணிக்கட்டின் பிளாஸ்ரரைக் கட்டைவிரலால் அவர் அழுத்திக்கொண்டிருப்பதும் எனக்குத் தெரிந்தது.

கோர்ன்வோலை நெருங்கும்போது வீதி வேலை. செம்மஞ்சள் கூம்புகள் மொன்றியல்வாசிகளான எங்களுக்கு மேப்பிள் இலைகளைப் போல் பழகியவை. எனினும் அன்று அவை கண்ணுக்கெட்டிய தூரம்வரை நின்றன. கார் பத்தடி போகும், நிற்கும், குலுங்கும். பின்கழுத்தில் வியர்வை அரும்புவது என் மனைவியாருக்கு முதல் அறிகுறி. அது அரும்பியது. கை பின்னால் வந்து விரிந்தது. நான் துண்டை எடுத்தேன். அவ்வேளையில் முன்னால் சென்ற பாரவண்டி திடீரென்று நிற்க, மகளும் நிறுத்த, என் கரண்டி கைநழுவி இருக்கைக்கும் கதவுக்கும் இடையிலுள்ள பிளவுக்குள் விழுந்தது. விரல் நுழையாத பிளவு.

விரிந்த கை காத்திருந்தது.

"என்னப்பா, தாங்கோ."

"கொஞ்சம் பொறும்."

"பொறுக்கிற நேரமே இது?"

"கரண்டி விழுந்திட்டுது."

"நகத்தால உரியுங்கோவன் அப்பா," என்றாள் மகள்.

திருமணத்திற்குப் போவதை முன்னிட்டு நான் நகங்களை முதல்நாள்தான் ஒட்ட வெட்டியிருந்தேன். பல்லால் விளிம்பைக் கடித்து நீக்கலாமெனின், என் முன்பற்கள் கழற்றக்கூடியவை; பயணத்தின் பொருட்டுப் பைக்குள் வைக்கப்பட்டு, அப்பை காரின் பின்பெட்டியில் இருந்தது. இவற்றை நான் விளக்கிக்கொண்டிருக்கையில் வலப்புறத்தில் கோர்ன்வோலுக்கு இறங்கும் வழியைக் காட்டும் பலகை தெரிந்தது. மனைவியார் கைலேஞ்சியால் வாயைப் பொத்தினார்.

மகள் மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, இறங்குவமோ?"

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இதே பலகையைக் கண்டபோது அவர் ஓம் என்றவர். நான் பின்னாலிருந்து அவருடைய கழுத்தையன்றி வேறொன்றையும் பார்க்கவில்லை.

"இறங்கினால் திரும்பித்தான் போகவேணும்," என்றார் லேஞ்சிக்குள்ளிருந்து. "நீ ஓடு." பின்னர் கை மீண்டும் பின்னால் வந்தது. "தோலோட தாங்கோ."

"தோலோடயோ?"

"காது கேக்கேல்லையோ உங்களுக்கு. தாங்கோ."

வைத்தேன். கை முன்னே போயிற்று. அவர் மெல்லும் ஓசை எனக்குக் கேட்டது. கேள்வி ஒன்று என் தொண்டைவரை வந்து நின்றது, விழுங்கிவிட்டேன். கோர்ன்வோலுக்கு இறங்கும் வழி வலப்பக்கமாகப் பிரிந்து, சிறுத்து, பின்னால் போயிற்று. கூம்புகள் முடிந்தன. மகள் தன் பக்க யன்னலைச் சிறிது இறக்கினாள். நேரத்தைக் குறிக்கவும் எனக்குத் தோன்றவில்லை.

பின்னர் என் மனைவியார் லேஞ்சியை மடித்து மடியில் வைத்தார்.

"இந்தப் பக்கத்திலயும் மாடு நிக்குது," என்றார்.

கோர்ன்வோலுக்கு மேற்கே அந்நெடுஞ்சாலையை அவர் விழித்த கண்களோடு கண்டது அதுவே முதன்முறை. முன்னர் போன ஒருமுறையும் குளிசையின் உறக்கத்தில் போனவர். அதன் பின் ரொறன்ரோ வரை அவர் ஓயவில்லை. மாடுகளையும், களஞ்சியங்களையும், ஏரி தெரியும் இடங்களையும், எங்களை முந்திச் சென்ற கார்களுக்குள் இருந்தவர்களையும் பற்றிக் கருத்துரைத்தார். அடுத்த தரிப்பிடத்தில் நான் ஒரு பிளாஸ்ரிக் கரண்டி கேட்டு வாங்கினேன். அது இஞ்சியைச் சுரண்டுவதற்கு ஏற்றதன்று. இருப்பினும் பாடுபட்டு உரித்துக் கொடுத்தேன். மிகுதித் துண்டுகள் உடன்பாட்டின்படியே சென்றன.

பிற்பகல் இரண்டு மணியளவில் தங்கையார் வீட்டு வாசலில் இறங்கினோம். தங்கையார் ஓடிவந்து அக்காவின் இரு கைகளையும் பிடித்தார். பிடித்தவர் குனிந்து பார்த்தார்.

"என்னக்கா இது, காப்பெல்லாம் எங்க? கையில என்ன காயமோ?"

"காயமில்ல. இஞ்சி."

"இஞ்சியோ? இஞ்ச கடையில வேண்ட ஏலாதெண்டே கட்டிக்கொண்டு வந்தனி?"

"பகிடி விடாத. சீன மருந்து. அதாலதான் வந்து சேந்தனான்."

தங்கையார் சிரித்துக்கொண்டு பிளாஸ்ரரின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "ஐயோ அக்கா, தோலோடயெல்லே கிடக்கு. நஞ்செல்லே. தின்னவும் செய்தனியோ?"

"கைக்குத்தான் தோலோட. வாய்க்கு உரிச்சுத்தான் திண்டனான்," என்றார் என் மனைவியார், கண்ணிமைக்காமல். "உன்ர அத்தான் கரண்டியோடயெல்லே வந்தவர்."

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் மகள் காரின் பின்பெட்டிக்குள் தலையை நுழைத்துப் பைகளைத் தேடுவதில் ஆழ்ந்திருந்தாள். கரண்டி அவ்வேளையிலும் இருக்கையின் பிளவுக்குள்தான் கிடந்தது.

"ஓம்," என்றேன்.

மறுநாள் காலை மண்டபத்தில், காப்புகள் யாவும் திரும்பவும் ஏறிய கைகளால் அவர் ஆராத்தி எடுத்தார். தட்டு ஆடவில்லை. படப்பிடிப்பாளர் எடுத்த படத்தில் அவர் விழித்திருக்கிறார். அப்படத்தைப் பெரிதாக்கி எங்கள் வரவேற்பறையில் மாட்டியுள்ளோம். இடக்கையின் காப்புகளுக்கு இடையில் சதுரமான ஒரு சிவந்த தடம் தெரியும், உற்றுப் பார்ப்பவர்களுக்கு.

மகளின் கருத்து வேறு. அம்மா முன்னிருக்கையில் அமர்ந்து தூரத்தைப் பார்த்துக்கொண்டு வந்ததும், அப்பா வாயை மூடிக்கொண்டு வந்ததுமே மருந்து என்பாள். சீன அம்மையாரிடம் இதனைச் சொன்னேன். "இருக்கலாம்," என்றார். "ஆனால் இஞ்சியும் இருந்தது." மனைவியார் அந்த ஒரு துண்டைத் தோலோடு உண்டதை அவரிடமும் நான் சொல்லவில்லை. என் குறிப்பேட்டிலும் அவ்விடத்தில் ஒரு வரி வெறுமையாகவே இருக்கிறது. மனைவியார் அதனை எப்போதாவது புரட்டிப் பார்ப்பதுண்டு.

எனினும் நடந்தது எங்காவது ஓரிடத்தில் நடந்தபடி இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. அதற்காகவே இதனை எழுதினேன். ஐயா, அம்மையீர், தாங்கள் வாசித்து முடித்ததும் இதனை வீசிவிடாது வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.